புகை அடங்கிய கரி

டில்லி வந்துவிட்டது என்றார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் ஊரையே காணோம். வெள்ளையாக ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது. பிளாட்பாரம் எது, தூண் எது, ஆள் எது என்று தெரியவில்லை. காலையில் வந்திருக்க வேண்டிய வண்டி பொழுது சாயும்போது வந்து சேர்ந்திருந்தது. மூடுபனி என்றார் எதிர் சீட்டுக்காரர். நான் சேலம் மாவட்டத்துக்காரி. மார்கழிப் பனிக்கு முந்தானையை இழுத்து முக்காடு போட்டால் முடிந்தது என்று இருப்பவள். ஒரே ஒரு ஸ்வெட்டருடன், அதுவும் என் வீட்டுக்காரருடையது, இறங்கினேன்.

ஆத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். பேர்தான் அமைப்பாளர். சமையல்காரம்மா வராத நாளில் அண்டா முன்னால் நிற்பதும் நானேதான். விறகு, கரி, அடுப்பு, புகை பற்றியெல்லாம் எனக்கு ஒருத்தரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று ஒரு மிதப்பு எனக்கு உண்டு. இதை இப்போதே சொல்லிவைத்துவிடுகிறேன்.

நான் வந்தது ஊர் பார்க்க அல்ல. என் தங்கை மல்லிகாவையும் அவள் மகள் சங்கீதாவையும் ஊருக்கு அழைத்துப் போக வந்தேன். மல்லிகாவின் புருஷன் செல்வராசு கார்த்திகைக் கடைசியில் செத்துப்போனான். கட்டட வேலை செய்தவன். அப்போது அவனுடைய அண்ணன்மார்தான் போய்க் காரியத்தை முடித்து வந்தார்கள். எனக்குப் பொங்கல் லீவில்தான் கிளம்ப முடிந்தது. போனில் கூப்பிட்டபோதெல்லாம் மல்லிகா வரமாட்டேன் என்றே சொன்னாள். நேரில் போனால் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஸ்டேஷனில் காலையிலிருந்து காத்திருந்தாள் மல்லிகா. செல்வராசுவின் கோட்டைப் போட்டு, தலையில் குரங்குக் குல்லாவை மாட்டியிருந்தாள். முதலில் யாரோ ஆம்பளை என்று நினைத்து ஒதுங்கினேன். "அக்கா, நான்தான்க்கா" என்றாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. என் பையை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினார். முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அதையே பிடித்துக்கொண்டு போனார். லாரி எங்கோ திரும்பி ஒரு காலி மைதானத்தில் போய் நின்றது. நாங்களும் அதன் பின்னாலேயே போய் நின்றோம். மல்லிகா ஹிந்தியில் அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவரும் நிதானமாக ஏதோ பதில் சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"முன்னாடி போறவன் போன வழியிலதான் எல்லாரும் போறோம், என்னை மட்டும் திட்டுனா எப்படிங்கிறாரு" என்றாள்.

லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்புகளுக்குப் பின்னால் ஒரு சாக்கடைக் கால்வாய் ஓடுகிறது. அதன் ஓரத்தில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். பாதிக்கு மேல் நம் பக்கத்து ஆட்கள். மல்லிகாவின் வீட்டில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் ஆணியடித்து மாட்டிய துணிகள். கதவுக்கு அடியில் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி. அதன் வழியாக வந்த காற்று என் கணுக்காலைப் பிடித்துக் கடித்தது. மூலையில் ஒரு சாக்கு கிடந்தது. எடுத்து அடைத்தேன். மல்லிகா ஸ்டவ்வை விட்டு எழுந்து வந்து சாக்கை உருவிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தாள்.

"அதை மட்டும் செய்யாதக்கா."

சங்கீதா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். டில்லியிலேயே பிறந்தவள். பதினாலு வயசு. தமிழும் ஹிந்தியும் கலந்த ஒரு பாஷை பேசுவாள். "பெரியம்மா, டிரெயின் லேட்டா? டண்டா அதிகமா இருக்கா?" என்றாள். குளிரைத்தான் டண்டா என்கிறாள். ஆமாம்மா, வண்டி லேட்டுதான் என்றேன். சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "பெரியம்மா, டிரெயின் லேட்டா?" என்று கேட்டாள். தட்டைக் கழுவும்போது இன்னொரு முறை கேட்டாள். குழந்தைக்குப் பேச்சுக்கு விஷயம் இல்லை போலிருக்கிறது என்று சிரித்தேன். மல்லிகா சிரிக்கவில்லை.

சங்கீதா தண்ணீர் பிடிக்கப் போனபோது மல்லிகா விஷயத்தைச் சொன்னாள். இந்த ஊரில் ஒரு தகர வாளியில் ஓட்டை போட்டு, உள்ளே மண் பூசி, கரி அடுப்பாக்கி வைத்துக்கொள்கிறார்கள். அங்கீட்டி என்று பெயர். வாசலில் வைத்துப் பற்றவைப்பார்கள். நம் ஆட்கள், நெருப்பு சிவந்து புகை முழுக்க அடங்கியதும், இனி பயமில்லை என்று உள்ளே தூக்கி வந்துவிடுவார்கள். நம் ஊரில் புகைதானே ஆபத்து. இங்கே புகை போன பிறகுதான் ஆபத்து. கதவைச் சாத்திய அறையில் அந்தத் தணல் நல்ல காற்றைத் தின்றுவிட்டு, வாசனையே இல்லாத ஒரு விஷக் காற்றை விடுமாம். தூங்குகிறவன் தூக்கத்திலேயே போய்விடுவான்.

"போன வருஷக் குளிர்ல இதே வரிசையில புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போயிட்டாங்க. அவருதான் கதவை உடைச்சுத் தூக்கிட்டு வந்தாரு. அப்புறம் ஒரு மாசம் வீடு வீடாப் போயி, கதவைச் சாத்தாதீங்க, கரியை உள்ள வைக்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்துனாரு. ஊருக்கே சொன்னவருதான்க்கா."

இந்த வருஷம் அவனுக்குக் காய்ச்சல். ஈரச் சிமெண்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்திருக்கிறான். மல்லிகா வேலை செய்யும் வீட்டில் மருமகளுக்குப் பிரசவம். அன்று ராத்திரி அவளை அங்கேயே தங்கச் சொல்லியிருந்தார்கள். இங்கே இவனும் பெண்ணும் மட்டும். விடிந்து வந்து பார்த்தால் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. உடைத்துப் போனால் உள்ளே அங்கீட்டி, பக்கத்தில் அவன் விறைத்துக் கிடக்கிறான். சங்கீதா கதவோரம் படுத்திருந்ததால், கதவிடுக்கில் கசிந்த காற்றில் மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பிழைக்க வைத்துவிட்டார்கள். நன்றாகத்தான் வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நாள் கழித்துத்தான் மறதி ஆரம்பித்தது. பழசெல்லாம் இருக்கிறது. புதுசு எதுவும் நிற்பதில்லை. அந்த ராத்திரியும் சுத்தமாகப் போய்விட்டது.

"அப்பா காய்ச்சல்ல போயிட்டாருன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். நீயும் அப்படியே சொல்லுக்கா. கரி கிரின்னு வாயத் தொறக்காத."

சரி என்றேன். எனக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது.

மறுநாள் காலை இட்லி சுடுகிறேன் என்று சங்கீதா மாவுப் பாத்திரத்தைத் திறந்தாள். பாத்திரத்துக்கு ஸ்வெட்டர் போட்டு, மேலே ஒரு கம்பளியும் சுற்றியிருந்தார்கள். மனுஷருக்கே பற்றாத ஊரில் மாவுக்கு ஸ்வெட்டர். அப்படியும் மாவு பொங்கவில்லை, பிணம் மாதிரி கிடந்தது. அவள் உப்பு போட்டாள். திரும்பி ஸ்பூனைக் கழுவி வைத்தாள். மறுபடி உப்பு போட்டாள். "போட்டுட்ட கண்ணு" என்றேன். "அச்சா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் பொய் சொல்கிறேனோ என்று பார்ப்பது போல இருந்தது. அந்த இட்லியை மூன்று பேரும் தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றோம்.

அவள் லோதி ரோடு பக்கம் தமிழ் சொல்லித்தருகிற பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். குளிருக்காக லீவு விட்டிருந்தார்கள். புத்தகத்தை எடுத்து, மண் வகைகளைப் பற்றிய பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்தாள். கேள்வி கேட்டேன். டக்டக்கென்று பதில் சொன்னாள். எனக்கு ஒரே சந்தோஷம். டீ குடித்துவிட்டு வந்து அதே கேள்வியைக் கேட்டேன். "இந்தப் பாடம் இன்னும் நடத்தலை பெரியம்மா" என்றாள். அந்தப் பக்கம் முழுக்க அவள் பென்சிலால் போட்ட கோடுகள் அடுக்கடுக்காக இருந்தன. அதே பக்கத்தை எத்தனையோ நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுங்கள், சிலருக்கு வந்துவிடும், சிலருக்கு முழுக்க வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதைத்தான் மல்லிகா பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஊருக்கு வா என்று நான் ஆரம்பித்ததும் சொன்னாள். "பெரிய ஆஸ்பத்திரி இங்கதான் இருக்கு. ஸ்கூலு இங்கதான் இருக்கு. ஊருக்கு வந்தா என்னை ஒரு மூலையில உக்கார வச்சு, இவளையும் பைத்தியம்னு பேரு வச்சிருவீங்க." அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் தெருவை நினைத்துப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

மத்தியானம் அவள் வேலை செய்கிற மூர்த்தி சார் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனாள். மத்திய அரசில் பெரிய வேலை. ரிட்டயராகப் போகிறவர். நல்ல மனுஷர். சங்கீதாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க அலைந்தது அவர்தான். மாமி ஃபில்டர் காபி கொடுத்தார். டில்லியில் நான் மனசாரக் குடித்தது அது ஒன்றுதான். பேத்தி உள்ளே அழுதுகொண்டிருந்தது. சார் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"வாழ்க்கை ஒரு வாத்தியார்மா. ஒரு பாடத்தை நாம சரியாக் கத்துக்கற வரைக்கும் விடாது. திரும்பத் திரும்ப அதையே நடத்திண்டிருக்கும். போன வாரம் பிரவசனத்துல ஸ்வாமிஜி ரொம்ப அழகாச் சொன்னார்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம். காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எங்க செல்வராசு பாஸா, பெயிலா சார்?"

"என்னம்மா?"

"போன வருஷம் அவன்தான் வீடு வீடாப் போயி இந்தப் பாடத்தை நடத்தினான். இந்த வருஷம் அவனே போயிட்டான். இனிமே அவனுக்கு எங்க வச்சு நடத்துவாங்க?"

"அது... அடுத்த ஜன்மா..." என்று ஆரம்பித்தவர் மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மல்லிகா என் தோளைக் கிள்ளினாள். அந்த வீட்டை நம்பித்தான் அவள் இந்த ஊரில் இருக்கிறாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

தெருமுனையில் ஒருவர் தள்ளுவண்டியில் தணல் பரப்பிச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார். நாம் வேக வைத்துத் தின்போம். இவர்கள் சுட்டு, தோலை உரித்து, துண்டு போட்டு, எலுமிச்சையும் மசாலாவும் தூவி இலைத் தொன்னையில் தருகிறார்கள். ஆளுக்கு ஒன்று வாங்கினோம். நான் தின்று முடித்த பிறகும் அந்தத் தணலை விட்டு நகர மனமில்லாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். மல்லிகா எட்டி, காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். திறந்த தெருவில் என்ன பயம் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் எனக்குக் கம்பளிச் சால்வை வாங்குவதற்காகச் சங்கீதாவை அழைத்துக்கொண்டு சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போனேன். அவள் என்னை அழைத்துப் போனாள் என்பதுதான் சரி. எந்த பஸ், எந்த நிறுத்தம், எந்தச் சந்து எல்லாம் அவளுக்கு மனப்பாடம். சின்ன வயசிலிருந்து அப்பாவோடு வந்த இடம். கடைக்காரரை "பையா, பையா" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, சால்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, கிளம்புவது போலப் பாவனை செய்து, அவரே பின்னால் ஓடி வரும்படி செய்தாள். என்னம்மா சொன்னாய் என்று கேட்டேன். "இது எங்க பெரியம்மாவுக்குப் போர்த்தவா, எங்களை மூடிப் புதைக்கவா, இந்த விலை சொல்றீங்கன்னு கேட்டேன்" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த ஒரு மணி நேரம் நான் நம்பினேன்.

திரும்பும்போது பஸ் முழுசாக நிற்கவில்லை. "ஜல்தி, ஜல்தி" என்று கண்டக்டர் கதவைத் தட்டினார். நான் குதித்தேன். என் செருப்பில் ஒன்று பஸ்ஸோடு போய்விட்டது. சங்கீதா உடனே தன் செருப்பைக் கழற்றி என் காலில் மாட்டிவிட்டாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. ஐஸ் மாதிரி இருந்த ரோட்டில் வெறுங்காலோடு நடந்தாள். பாதி வழியில் குனிந்து பார்த்து, "என் செருப்பு எங்க பெரியம்மா?" என்றாள். சொன்னேன். "ஓ" என்றாள். வீட்டு வாசலில் மறுபடி கேட்டாள்.

அன்று ராத்திரியே எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. காலையில் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி இரண்டும் உளைச்சல். சால்வை, கம்பளி, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் போட்டு மூடியும் பல் கிட்டியது. மல்லிகா மாத்திரை கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். மத்தியானம் மாமி வீட்டிலிருந்து ரசம் எடுத்து வருகிறேன் என்றாள். மத்தியானமாகியும் வெளியே வெளிச்சம் வரவில்லை. பனி அப்படியே நின்றது. கதவடியில் காற்று வந்துகொண்டே இருந்தது. நான் அந்த ஊரையும் அந்தக் காற்றையும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது இதமாக இருந்தது. டில்லிக்கு வந்த நாளிலிருந்து அப்படி இதமாக இருந்ததில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் அங்கீட்டியில் தணல் சிவந்து கிடந்தது. துளிப் புகை இல்லை. கதவு சாத்தியிருந்தது. கதவடியில் சாக்கை மடித்து, ஒரு பக்கம்கூட இடுக்கு இல்லாமல் அழகாகச் செருகியிருந்தது. பக்கத்தில் சங்கீதா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"யாரு கண்ணு கொண்டுவந்தது?"

"நான்தான். பக்கத்து ராணி ஆன்ட்டி வீட்டுல வாங்கிட்டு வந்தேன். உங்களுக்கு டண்டா இல்ல? புகை அடங்கினப்புறம்தான் எடுத்துட்டு வந்தேன் பெரியம்மா."

நான் எல்லாவற்றையும் பார்த்தேன். தணலைப் பார்த்தேன், சாக்கைப் பார்த்தேன். மல்லிகா சொன்னது ஒன்றுவிடாமல் எனக்கு ஞாபகம் இருந்தது. எழுந்து கதவைத் திறக்க வேண்டும் என்றும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திறக்கலாம், இந்த முட்டி மட்டும் கொஞ்சம் சூடாகட்டும் என்று நினைத்தேன். "நல்ல பொண்ணு" என்று அவள் தலையைத் தடவினேன். கம்பளியை இழுத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

அப்புறம் நடந்தது மல்லிகா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரசத் தூக்கோடு வந்து கதவைத் தள்ளியிருக்கிறாள். சாக்கு அழுத்திக்கொண்டிருந்ததால் திறக்கவில்லை. தூக்கைப் போட்டுவிட்டுத் தோளால் இடித்து உள்ளே வந்திருக்கிறாள். சங்கீதா என் காலடியில் சுருண்டு கிடந்திருக்கிறாள். எங்கள் இருவரையும் வெளியே இழுத்துச் சாக்கடை ஓரத்துக் கல்லில் கிடத்தியிருக்கிறாள். எனக்கு ஞாபகம் இருப்பது தலையைப் பிளக்கிற வலியும், வாந்தியும், ஈரத் தரையில் கொட்டிக் கிடந்த ரசத்தின் மிளகு வாசனையும்தான். பக்கத்தில் மல்லிகா பெண்ணின் கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டிருந்தாள். "கண்ணைத் தொற, கண்ணைத் தொறடி" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைத் திறந்தாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் மாட்டிப் படுக்க வைத்தார்கள். டாக்டர் சின்னப் பெண். சங்கீதாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். "பிர் ஸே?" என்றாள். மறுபடியுமா என்று அர்த்தம். மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் மூர்த்தி சாரும் மாமியும் ஃபிளாஸ்கில் கஞ்சியும் ஆரஞ்சும் கொண்டுவந்தார்கள். சார் ஒரு பழத்தை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாகச் சங்கீதாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். பாடம் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேசட்டும், இந்த முறை பெயில் ஆனது நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று நான் காத்திருந்தேன்.

அவர்கள் போன பிறகு மல்லிகா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இவ்வளவு நாளாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"அன்னிக்கும் கரியை உள்ள எடுத்துட்டு வந்தது இவதான்க்கா. புகை அடங்கிடுச்சா பாரு கண்ணு, உள்ள எடுத்துட்டு வான்னு அவரு சொன்னாராம். இவ எடுத்துட்டு வந்து, சாக்கையும் வச்சிருக்கா. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் அழுது அழுது சொன்னா. நான்தானம்மா, நான்தானம்மான்னு. சோறு தண்ணி எறங்கல. அப்புறம் மறதி வந்துச்சு. அதுவும் மறந்துபோச்சு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? சாமி இந்த ஒண்ணையாவது அவகிட்டேருந்து எடுத்துக்கிச்சேன்னு நெனச்சேன். அதனாலதான் காய்ச்சல்னு சொல்லி வச்சேன்."

நான் மாஸ்க்குக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். பாடம் நடத்தி, அதைப் பிடித்து வைத்துக்கொள்கிற இடத்தையும் பிடுங்கிக்கொண்டு போன வாத்தியாரை என்ன செய்வது?

"சொல்லாம விட்டதாலதான் இன்னிக்கு மறுபடி எடுத்துட்டு வந்தா" என்றாள் மல்லிகா. "நீ கூட்டிட்டுப் போக்கா. வேலையிலேருந்து நான் வர்றதுக்குள்ள என்ன ஆகுமோன்னு என்னால இனிமே இருக்க முடியாது. அங்க குளிரு இல்ல. நீ இருக்க. ஆனா அடுத்த குளிருக்குள்ள அவ என்கிட்ட வரணும். எனக்கு வேற யாரு இருக்கா? அதுக்குள்ள அவளுக்கு அதைச் சொல்லிக்குடுத்துடு. அதை மட்டுமாவது."

"எல்லாத்தையுமா?"

"காரணத்தோட சொன்னாத்தான் நிக்கும்னு டாக்டரு சொல்றாங்க."

இருவரையும் அழைத்துப் போக வந்தவள் ஒருத்தியை மட்டும் அழைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். மல்லிகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் கொஞ்ச தூரம் கூடவே வந்தாள். பிறகு வெள்ளைக்குள் போய்விட்டாள். ஜான்சி தாண்டி வெயில் வந்தது. ஜன்னலில் வெயில் விழுந்த இடத்தில் சங்கீதா கையை வைத்து வைத்துப் பார்த்தாள். ஆக்ராவில் வாங்கிய பேட்டா என்கிற பூசணி மிட்டாயை ஒவ்வொன்றாகத் தின்றாள். "நாம எங்க பெரியம்மா போறோம்?" என்றாள். ஊருக்கு என்றேன். "மம்மி?" என்றாள். அப்புறம் வருவாள் என்றேன். நாக்பூரில் கேட்டாள். விஜயவாடாவில் கேட்டாள். ஒவ்வொரு முறையும் புதுசாகக் கேட்பவளுக்குப் புதுசாகச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது முறை எரிச்சல் வந்து, நான்காவது முறை அந்த எரிச்சல் போய்விட்டது.

இப்போது என்னோடுதான் பள்ளிக்கு வருகிறாள். வெங்காயம் உரித்துத் தருவாள், பிள்ளைகளுக்குத் தட்டு போடுவாள். அவளுடைய ஹிந்தியைக் கேட்பதற்காகவே பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, அண்டாவை இறக்கிவிட்டு, அவளை அடுப்பு முன்னால் உட்கார வைத்துப் பாடம் ஆரம்பிப்பேன். லீவு நாளில் வீட்டு அடுப்பு முன்னால்.

"கரி சிவந்துடுச்சு. புகை அடங்கிடுச்சு. உள்ள எடுத்துட்டுப் போகலாமா?"

ஆரம்பத்தில் "போகலாம் பெரியம்மா" என்பாள். கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். "கூடாது" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொன்னாள். மறுநாள் மழை பெய்தது. ஈரப் பாவாடையைக் காயவைக்கத் தணலை வாரிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தப் போனாள். வெறும் கூடாது நிற்காது என்று தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் காரணத்தையும் சொல்ல ஆரம்பித்தேன். கரி நல்ல காற்றைத் தின்னும் என்று சொன்னேன். டில்லியில் உன் வீட்டில் அப்படி ஆனது என்று சொன்னேன். அப்பாவுக்கு ஆனது என்று சொன்னேன். அதோடு நிறுத்திக்கொள்வேன். மிச்சத்தை அவளே போய்த் தொட்டுவிடுவாள். அப்போது அவள் கை தானாக மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். "நான்தானே பெரியம்மா எடுத்துட்டு வந்தேன்?" என்பாள்.

அப்பா சொல்லித்தான் எடுத்து வந்தாய், உன் தப்பு இல்லை என்று நானும் தினமும் சொல்கிறேன். அது மட்டும் அவளிடம் நிற்பதில்லை.

இடையில் விட்டுவிட்டால் கரைந்துவிடுகிறது. "தெரியலை பெரியம்மா" என்று சிரித்துவிட்டு, முட்டை மிச்சம் இருக்கிறதா என்று அண்டாவை எட்டிப் பார்ப்பாள். பிள்ளைகளோடு பாண்டி ஆடப் போய்விடுவாள். அந்த நாட்களில் நான் வீட்டுக்கு லேசாக நடந்து போகிறேன். போகும்போதே பயமும் கூட வருகிறது. இப்போதெல்லாம் சரியாகச் சொல்கிற நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாக அதிகமாகி வருகின்றன. டாக்டர் கேட்டால் சந்தோஷப்படுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லிகா எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்கு போன் செய்வாள். நான் ஓடிப் போய் எடுப்பேன். சங்கீதா எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்கு முன்னால் அவள் இதைத்தான் கேட்பாள். போன வாரமும் கேட்டாள்.

"இன்னிக்குச் சொன்னாளாக்கா?"

"சொன்னா. காரணத்தோட சொன்னா."

அந்தப் பக்கம் பூத்துக்கு வெளியே யாரோ ஹிந்தியில் வேர்க்கடலை விற்றுக்கொண்டு போவது கேட்டது.

"அப்போ இன்னிக்கும் அவ சாப்பிட்டிருக்க மாட்டா" என்றாள் மல்லிகா.